புதுமனையும் பழங்கற்களும்

செர்மானிய மெய்யியலறிஞராகிய ஹெகல், பேர்லின் பல்கலைக்கழகத்திலே மெய்யியல் வரலாற்றைக் கற்பித்துவந்த காலத்தில், கிரேக்கரைப் பற்றி மிக விரிவாகப் பேசினார். மத்திய காலத்துக்கு வந்ததும் அவர் போக்கு மாறிற்று. ஓரடியில் ஏழு காதம் தாண்டும் மந்திரப் பாதரட்சையை அணிந்துகொண்டே அந்த ஆயிரம் ஆண்டுகளையும் கடக்க வேண்டும் என்று மாணவர்க்குக் கூறினார். அவ்வாறு கடந்து பிரெஞ்சு அறிஞராகிய டேக்கார்ட்டிடம் வந்து சேர்ந்தபோது, நெடுநாட் கடலில் அலைந்த மாலுமி கரையைக் கண்டு கூவுவது போல இனிக் கூவலாம் என்று மகிழ்ந்தார்.

ஹெகல் மட்டுமே இவ்வாறு எண்ணினார் என்பதில்லை. ஒக்தாவ் ஆம்லன் என்னும் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்தபின் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. பௌதிக ஆராய்ச்சியாளரை நீக்கிப் பார்த்தால், பண்டையோருக்கும் டேக்கார்ட்டுக்கும் இடையில் ஏறக்குறைய எதுவுமே இல்லாதது போல அவர் வந்து நிற்கின்றார் என்று அந்நூல் உரைத்தது. இரண்டே ஆண்டுகளின் பின், பாரிசு நகரத்துச் சோர்பொன் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் சமர்ப்பித்த நூல்கள் இக்கூற்றின் அடித்தளத்தையே அசைத்தன. வெறுமை என்று கருதப்பட்ட அந்த இடைவெளியிலிருந்தே டேக்கார்ட் தம் சொற்கள் பலவற்றையும், தம் வினாக்கள் பலவற்றையும், சில விடைகளையுங்கூடப் பெற்றார் என்பதை அவர் ஏடு ஏடாக எடுத்துக் காட்டினார்.

ஒரு காலத்தவர் தம் முன்னோரை மறுத்து எழும்போது, மறுப்பதற்கு வேண்டிய மொழியை எங்கிருந்து பெறுகின்றனர் என்பதே இங்கு எழும் வினா. மேனாட்டு மெய்யியலின் புதிய காலம் டேக்கார்ட்டுடன் தொடங்குகிறது என்பர். அத்தொடக்கம் எத்தகையது என்பதை அறிவதற்கு, அவர் இடித்த மனையையும், அவர் எழுப்பிய மனையையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

அவர் இடித்த மனை ஒரு நாளில் எழுந்ததன்று. ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரம் 1085ஆம் ஆண்டிற் கிறித்தவ அரசர் வசமாயிற்று. அங்கே அராபிய நூல்கள் நிறைந்திருந்தன. அடுத்த நூற்றாண்டில் அந்நூல்களை இலத்தீனில் மொழிபெயர்க்கும் பெரும்பணி நடைபெற்றது. இபின் சீனா என்னும் பாரசீக முஸ்லிம் அறிஞர் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலை மொழிபெயர்த்தவர் இருவர். அவருள் ஒருவர் அவந்தௌத் என்னும் யூதர். மற்றவர் குண்டிசால்வி என்னும் கிறித்தவக் குரு. யூத அறிஞர் அராபிய மூலத்தைச் சொற்சொல்லாக நாட்டு வழக்கு மொழியிற் கூற, குருவானவர் அதனை இலத்தீனில் எழுதினார். ஐரோப்பாவின் மத்தியகால மெய்யியல் ஒரு சமயத்தவருக்கே உரிய தனிச்சொத்து என்று எண்ணுவோர் இக்காட்சியை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இந்நூல்களோடு அரிஸ்தோத்திலின் நூல்களும், அவற்றுக்கு இபின் ருஷ்து எழுதிய உரைகளும் வந்தன. பாரிசு நகரில் 1210ஆம் ஆண்டில் அரிஸ்தோத்திலின் இயற்கை நூல்களைக் கற்பித்தல் தடுக்கப்பட்டது. ஆயின் 1255இல் அதே நகரின் பல்கலைக்கழகம் அந்நூல்களைப் பாடமாக விதித்தது. ஐம்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் பெரிது. இவ்வாறு பள்ளிகளிலே வளர்ந்த சிந்தனையே 'ஸ்கொலாஸ்திக' மெய்யியல் எனப்படுவது. பள்ளி என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயராதலின், அதனைப் பள்ளி மெய்யியல் என்றே வழங்கலாம்.

பள்ளி மெய்யியலுக்கென ஒரு முறை இருந்தது. ஆசிரியர் முதலில் ஒரு வினாவை எழுப்புவார். தாம் கூறப்போகும் விடைக்கு மாறான தடைகளை எல்லாம் தாமே எடுத்துரைப்பார். பின்னர்த் தம் முடிவைக் கூறி, ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியே விடை தருவார். 1274ஆம் ஆண்டில் மறைந்த புனித தோமஸ் அக்குவைனாசு இயற்றிய இறையியற் பெருநூல் முற்றிலும் இம்முறையிலேயே அமைந்தது. எதிரியின் நியாயத்தை அவன் கூறக்கூடியதிலும் வலிமையாக எடுத்துக் கூறியபின்னரே அதனை மறுக்க வேண்டும் என்பது இம்முறையின் அறம். காலம் செல்லச் செல்ல இம்முறை சிலரிடத்து வெறும் சொற்போராகத் தேய்ந்தது உண்மை. ஆங்கில அறிஞராகிய பிரான்சிசு பேக்கன் 1605இல் வெளியிட்ட நூலிலே, பள்ளி ஆசிரியர்களைத் தம் உடலிலிருந்தே நூலெடுத்து வலை பின்னும் சிலந்திகளுக்கு ஒப்பிட்டார். அவ்வேளனம் நிலைத்துவிட்டது, அதற்குப் பின்னாலிருந்த அறம் மறக்கப்பட்டது.

டேக்கார்ட் 1596ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் பிரான்சின் தூரேன் பகுதியிற் பிறந்தார். இயேசு சபையார் நடத்திய லா பிளேசு கல்லூரியில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கற்றார். நான்காம் என்றி அரசரின் ஆதரவோடு 1604இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியில், இயேசு சபை 1599இல் வகுத்த கல்வித் திட்டமே நடைமுறையில் இருந்தது. இறையியலுக்கு அக்குவைனாசையும், மெய்யியலுக்கு அரிஸ்தோத்திலையும் பின்பற்ற வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. தருக்கம், இயற்கையியல், அப்பாலைத் தத்துவம் என்னும் மூன்றும் இளம் டேக்கார்ட்டுக்கு இவ்வழியிலேயே புகட்டப்பட்டன. அவர் மெய்யியலிற் பேசக் கற்ற முதன்மொழி பள்ளிகளின் இலத்தீன் மொழியே.

1637இல் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரில் அச்சாகி வந்த 'முறை பற்றிய உரை'யிலே, தாம் கற்றவற்றுட் பெரும்பாலானவை ஐயத்துக்கு இடமானவை என்று டேக்கார்ட் அறிவித்தார். பல கைகள் காலந்தோறும் ஒட்டவைத்த கட்டடத்திலும் ஒரே சிற்பி திட்டமிட்டு எழுப்பிய கட்டடமே செம்மையானது என்பது அவர் கருத்து. ஆதலின் தம் நம்பிக்கைகளாகிய பழைய வீட்டை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டத் துணிந்தார். அதே நூலில் மற்றோர் இடத்தில், ஐயுறும் முயற்சியின்போது தாம் திரட்டிய அவதானிப்புகளைப் பற்றிக் கூறுகையில், பழைய வீட்டை இடிப்போர் அதன் இடிபாடுகளைப் புதிய வீட்டுக்காக எடுத்து வைப்பது வழக்கம் என்றும் குறிப்பிட்டார். அவர் இவ்வுவமையைக் கூறிய நோக்கம் வேறு. ஆயினும் அவருடைய மெய்யியல் முழுவதற்குமே அது பொருந்திவிட்டது.

அவ்விடிபாடுகளின் மீது அவர் கண் மீண்டும் சென்ற ஆண்டு 1640. தம் பெருநூலாகிய 'தியானங்களை' அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், இயேசு சபையாரிடமிருந்து எதிர்ப்பு வரக்கூடும் என்று அவர் அஞ்சினார். அவ்வாண்டு செத்தெம்பரில், பாரிசில் வாழ்ந்த தம் நண்பராகிய மெர்சென் என்னும் துறவிக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளி மெய்யியலைத் திரும்பப் படிக்க வேண்டும். கொயிம்பிரா ஆசிரியர்கள், தொலேத்துசு, ரூபியுசு ஆகியோரின் பெயர்களே நினைவிலுள்ளன. பள்ளி மெய்யியல் முழுவதையும் சுருக்கித் தரும் நூலொன்று உண்டா என்று வினவினார். எயுஸ்தாக்கியுசு என்னும் துறவி 1609இல் வெளியிட்ட பாடநூல் அவர் கைக்கு வந்தது. இவ்வகை நூல்களுள் இதனிலும் சிறந்தது இல்லை என்று அவர் பாராட்டினார். அந்நூலையும் தம் மெய்யியலையும் ஒன்றாக அச்சிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதவும் திட்டமிட்டார். அவ்வாண்டின் இறுதியிலே எயுஸ்தாக்கியுசு இறந்தார். நாளடைவில் திட்டமும் கைவிடப்பட்டது. 1644இல் வெளிவந்த 'மெய்யியலின் மூலதத்துவங்கள்' சிறுசிறு பிரிவுகளாக வகுக்கப்பட்ட பாடநூலாகவே அமைந்தது. பள்ளிகளை வெல்லப் புறப்பட்ட நூலும் பள்ளியின் உடையையே உடுத்தியிருந்தது.

'தியானங்கள்' 1641இல் பாரிசில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. மெர்சென் அதன் கையெழுத்துப் பிரதியை அறிஞர் பலருக்குக் காட்டி, அவர்கள் எழுப்பிய தடைகளைத் திரட்டி அனுப்பினார். ஆறு தொகுதித் தடைகளும், அவற்றுக்கு டேக்கார்ட் எழுதிய விடைகளும் நூலோடு சேர்த்தே அச்சிடப்பட்டன. தடையும் விடையுமாக உண்மையை நாடும் பள்ளி மரபு, அம்மரபை முடிவுக்குக் கொண்டுவந்ததாகக் கருதப்படும் நூலிலேயே உயிரோடு விளங்கியது. அத்தடைகளைப் படிப்போர், பழைய மனையின் கற்கள் புதிய மனையில் எங்கெங்கே பதிக்கப்பட்டன என்பதை அக்காலத்தவரின் வாயிலாகவே அறியலாம்.

முதலாவது கல், ஐயத்தின் நடுவே காணப்படும் உறுதி. எல்லாவற்றையும் ஐயுற்றாலும், ஐயுறுகின்ற தான் இருப்பதை ஒருவன் ஐயுற முடியாது என்பது டேக்கார்ட்டின் முதல் உண்மை. 430ஆம் ஆண்டில் மறைந்த புனித அகுஸ்தீனார், மத்தியகாலச் சிந்தனைக்கு ஊற்றாக விளங்கியவர். தாம் தவறுவதாகவே வைத்துக்கொண்டாலும், தவறுவதற்குத் தாம் இருந்தாக வேண்டும் என்று அவர் 'இறைவனின் நகரம்' என்னும் நூலில் முன்னரே வாதித்திருந்தார். கொல்வியுசு என்பவர் இதனைச் சுட்டிக்காட்டியபோது, டேக்கார்ட் நகர நூலகத்துக்குச் சென்று அப்பகுதியைப் படித்துப் பார்த்ததாக 1640 நவம்பரில் பதில் எழுதினார். அகுஸ்தீனார் அவ்வுண்மையைக் கொண்டு மனிதனிடத்துத் திரித்துவத்தின் சாயலைக் காட்டுகிறார். தாமோ சிந்திக்கும் தான் உடலினின்றும் வேறான பொருள் என்பதைக் காட்டுவதாக அவர் விளக்கினார். அப்போது முப்பது வயதை எட்டாத ஆர்னோ என்னும் இறையியலறிஞரும் நான்காம் தொகுதித் தடைகளின் தொடக்கத்திலேயே இவ்வொற்றுமையை எடுத்துரைத்தார். அகுஸ்தீனாரின் துணையைத் தமக்குத் தேடித் தந்தமைக்காக டேக்கார்ட் அவருக்கு நன்றி கூறினார்.

இவ்விடத்தில் இபின் சீனாவையும் நினைத்தல் வேண்டும். வெளியில் மிதக்குமாறு திடீரெனப் படைக்கப்பட்ட ஒரு மனிதனை அவர் கற்பனை செய்தார். அவன் கண்கள் மூடப்பட்டுள்ளன. அவனுடைய உறுப்புகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தன் உடலை அறியாத அவன், தான் இருப்பதை மட்டும் அறிவான் என்று இபின் சீனா கூறினார். டேக்கார்ட் இந்நூலை நேரிற் கற்றார் என்பதற்குச் சான்று இல்லை. ஆயின் ஒரு பொருள் இன்னது என்பது வேறு, அது உளது என்பது வேறு என இபின் சீனா வகுத்த பாகுபாடு பள்ளி மெய்யியல் முழுவதிலும் ஊறியிருந்தது. அதனைத் தவிர்த்து எவரும் அங்கே மெய்யியல் கற்றல் இயலாது.

அப்பாகுபாட்டின் மேலேயே இரண்டாவது கல் நிற்கிறது. கந்தர்பெரியில் அத்தியட்சராக விளங்கி 1109இல் மறைந்த புனித அன்செல்ம், தம்மிலும் மேலான ஒன்றை எண்ணவொண்ணாத பொருளே கடவுள் என்றும், அத்தகைய பொருள் எண்ணத்தில் மட்டும் இருந்து உண்மையில் இல்லாதிருத்தல் முரண்பாடு என்றும் வாதித்தார். அவர் காலத்திலேயே கௌனிலோ என்னும் துறவி இதனை மறுத்தார். அக்குவைனாசும் ஏற்கவில்லை. டேக்கார்ட் தம் ஐந்தாம் தியானத்திலே, இருப்பு என்பது நிறைவான பொருளின் இயல்பினின்றும் பிரிக்கவொண்ணாதது என்று கூறியபோது, ஒல்லாந்துக் கத்தோலிக்கக் குருவாகிய கத்தேருசு உடனே விழித்துக்கொண்டார். இது அக்குவைனாசு மறுத்த பழைய நியாயமன்றோ என்று முதலாம் தொகுதித் தடையில் வினவினார். அக்குவைனாசு மறுத்தது ஒரு பெயரின் பொருளிலிருந்து எழும் வாதத்தை. தாம் கூறுவதோ தெளிவாக அறியப்பட்ட உண்மையான இயல்பிலிருந்து எழுவது என்று டேக்கார்ட் விடையிறுத்தார். அவ்விடை போதுமானதா என்பது பற்றி அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. செர்மானிய அறிஞராகிய லைப்னிட்சு, அத்தகைய பொருள் சாத்தியமானது என்பதை முதலில் நிறுவ வேண்டும் என்றார்; அதே திருத்தத்தை 1308இல் மறைந்த தன்சு ஸ்கொத்துசு முன்னரே நாடியிருந்தார். காண்டு 1781இல் இவ்வாதத்தைக் கடுமையாகத் தாக்கியபோதும், அவர் எதிர்நின்றது மத்தியகாலத் துறவி ஒருவரின் அறையிற் பிறந்த வினாவையே.

மூன்றாவது கல் ஒரு சொல். 'புறநிலை' என்று தமிழில் வழங்கும் 'ஒப்ஜெக்டிவ்' என்னும் சொல், இக்காலத்திலே நம் எண்ணத்துக்கு அப்பால் உள்ளதைக் குறிக்கும். மூன்றாம் தியானத்தை இப்பொருளோடு படிப்பவர் வழி தவறிவிடுவர். டேக்கார்ட் அச்சொல்லை ஆளும்போது, ஒன்று எண்ணத்துக்குப் பொருளாகி நிற்கும் நிலையையே குறிக்கின்றார். இது பள்ளிகளின் வழக்கு. சூரியனைப் பற்றிய எண்ணத்திலே சூரியன் எவ்வகையில் உளது என்னும் வினாவை ஸ்கொத்துசும் அவர் வழிவந்தோரும் நுணுகி ஆராய்ந்திருந்தனர். இறைவனைப் பற்றிய எண்ணத்தின் உள்ளடக்கத்துக்கு ஏற்ற காரணம் இறைவனே என்னும் டேக்கார்ட்டின் வாதம் இச்சொல்லின்றி ஓரடியும் நகராது. எண்ணங்களிற் காணப்படும் ஒருவகைப் பொய்மை பற்றி ஆர்னோ தடை எழுப்பியபோது, தாம் மெய்யியலார் நூல்களை அதிகம் படிப்பதில்லை என்று கூறிய டேக்கார்ட், கைக்கு எட்டிய முதல் நூலிலேயே தம் சொல்வழக்குக்குச் சான்று கிடைத்தது என்றார். அந்நூல் சுவாரெசு என்னும் ஸ்பானிய இயேசு சபை அறிஞர் 1597இல் வெளியிட்ட அப்பாலைத் தத்துவ விவாதங்கள். அதன் பகுதியையும் பிரிவையும் எண்ணிட்டே அவர் குறிப்பிட்டார்.

நான்காவது கல் எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது. அதுவே ஐயம். எல்லாம் வல்ல இறைவன் நம்மை ஏமாற்றக்கூடுமோ என்று முதல் தியானத்தில் எழும் அச்சம், பழைமையை உதறிய ஒருவரின் துணிச்சலான கற்பனை என்றே பலரும் கருதுவர். ஆயின் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1277ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாரிசு நகர ஆயர் தம்பியே 219 கூற்றுகளைத் தடுத்தார். அவற்றுட் பல இறைவனின் வல்லமைக்கு எல்லை வகுத்தவை. அதன்பின் இறைவனின் வரம்பற்ற ஆற்றலால் எவை நிகழக்கூடும் என்னும் ஆராய்ச்சி பள்ளிகளில் ஓங்கியது. இல்லாத பொருள் ஒன்றின் நேரறிவை இறைவன் நம்முள் உண்டாக்க இயலுமா என்று ஒக்காமின் வில்லியம் 14ஆம் நூற்றாண்டில் வினவினார். இறைவன் பொய்யுரைக்கக்கூடும் என்று கருதியோராக ரிமினியின் கிரெகரி, கபிரியேல் பீல் என்னும் இரு பள்ளி ஆசிரியர்களை இரண்டாம் தொகுதித் தடையை எழுதியோர் பெயர் சுட்டியே டேக்கார்ட்டுக்கு நினைவூட்டினர். ஐயமென்னும் கூர்ங்கருவியும் பழைய பட்டறையிலேயே தீட்டப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் நோக்கி, டேக்கார்ட் புதிதாக எதனையும் செய்யவில்லை என்று முடிவு செய்தல் நேர்மையாகாது. கற்கள் பழையன, மனையின் அமைப்பு வேறு. பள்ளி ஆசிரியர் காணப்படும் பொருள்களிலிருந்து தொடங்கினர். டேக்கார்ட் காண்கின்ற தன்னிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளுறை வடிவம் ஒன்று உண்டு என்னும் கொள்கையை இயற்கை விளக்கத்திலிருந்து அவர் அகற்றினார். பருமன், உருவம், இயக்கம் என்பவற்றாலேயே சடவுலகை விளக்க முயன்றார். அகுஸ்தீனார் ஓரிடத்தில் கூறிச்சென்ற உண்மையை டேக்கார்ட் ஒரு முழு அறிவுத்துறையின் அத்திவாரமாக்கினார். ஒரு சொல்லைப் போகிற போக்கில் எழுதுவது வேறு, அதிலிருந்து தொடர்ந்து எழும் முடிவுகளை எல்லாம் கண்டு நிறுவுவது வேறு என்று பாஸ்கால் இவ்விருவரையும் ஒப்பிட்டுக் கூறிய தீர்ப்பு நியாயமானது.

அப்படியாயின் கடனை அவர் ஏன் வெளிப்படையாகக் கூறவில்லை? அவருடைய காலம் அச்சம் நிறைந்த காலம். 1633இல் கலிலியோ ரோமாபுரியிற் கண்டிக்கப்பட்டதை அறிந்ததும், டேக்கார்ட் தம்முடைய 'உலகம்' என்னும் நூலை வெளியிடாது நிறுத்திவைத்தார். 1641 சனவரியில் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில், தம் இயற்கையியலின் அத்திவாரங்கள் யாவும் 'தியானங்களில்' அடங்கியுள்ளன என்றும், அதனை வெளியே கூற வேண்டாம், அரிஸ்தோத்திலைப் பின்பற்றுவோர் அறிந்தால் ஏற்கத் தயங்குவர் என்றும் கேட்டுக்கொண்டார். பழைய சொற்கள் அவருக்குக் கருவியும் ஆயின, கவசமும் ஆயின. ஆயினும் அக்கவசம் காக்கவில்லை. 1642இல் ஒல்லாந்து நாட்டு உத்திரெக்து பல்கலைக்கழகம் புதிய மெய்யியலைக் கண்டித்தது. அவர் 1650இற் சுவீடனின் தலைநகரில் இறந்தபின், 1663இல் அவர் நூல்கள் சில ரோமாபுரியின் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. பழைமையினர் அவரைப் புதியவர் என்று தள்ளினர். பின்வந்த புதுமையினரோ அதே காரணத்துக்காக அவரைப் போற்றி, அவருக்குப் பின்னாலிருந்த பழைமையை மறந்தனர்.

இம்மறதியைக் கலைத்த இளம் ஆராய்ச்சியாளரின் பெயர் எத்தியென் ஜில்சோன். 1884இல் பாரிசிற் பிறந்த அவர், ஆராய்ச்சிக்குப் பொருள் நாடித் தம் ஆசிரியராகிய லெவி புரூலிடம் சென்றார். பள்ளி மெய்யியலிலிருந்து டேக்கார்ட் எடுத்தாண்ட சொற்களையும், இயன்றால் கருத்துகளையும் ஆராயுமாறு ஆசிரியர் பணித்தார். ஆசிரியரோ மாணவரோ அப்போது மத்தியகால மெய்யியலில் வல்லுநர் அல்லர். 1879இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ அக்குவைனாசின் நூல்களைக் கற்குமாறு விடுத்த அழைப்பு கத்தோலிக்கக் கல்லூரிகளில் எதிரொலித்திருந்தது உண்மையே; ஆயின் ஜில்சோன் அப்பழைய ஏடுகளைத் திறந்தது சமயப்பற்றினால் அன்று, டேக்கார்ட்டை விளங்கிக்கொள்வதற்காகவே. பல ஆண்டு உழைப்பின் பயனாக 1913இல் இரு நூல்களை அவர் அளித்தார். ஒன்று டேக்கார்ட்டின் கொள்கையிற் சுதந்திரமும் இறையியலும் பெறும் இடத்தைப் பற்றியது. மற்றது ஓர் அகராதி போன்றது: டேக்கார்ட்டின் சொற்களும் வாக்கியங்களும் ஒருபுறம், அவற்றுக்கு நிகரான பள்ளி ஆசிரியர்களின் வாக்கியங்கள் மறுபுறம். வாதத்திலும் இவ்வரிசைகளே அதிகம் பேசின. 1929இல் கனடாவின் தொறன்ரோ நகரில் மத்தியகால ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனத்தையும் ஜில்சோன் தோற்றுவித்தார்.

சில வினாக்களிற் பள்ளி ஆசிரியர்களே டேக்கார்ட்டினும் ஆழமாகச் சென்றனர் என்று ஜில்சோன் பிற்காலத்திற் கருதினார். இத்தீர்ப்பை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஆயின் இருவரையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்பதை மறுப்போர் இப்போது அரியர்.

டேக்கார்ட்டுக்குப் பின் வந்தோரிடத்தும் இக்கடன் தொடர்ந்தது. லைப்னிட்சு 1663இல், தம் பதினாறாம் வயதில், ஒரு பொருளைத் தனிப்பொருளாக்குவது யாது என்னும் பள்ளி வினாவைப் பற்றியே முதல் ஆய்வை எழுதினார். தம் பதினைந்தாம் வயதில் லைப்சிக் நகரத்துச் சோலையொன்றில் தனியே உலாவி, பழைய மெய்யியலின் உள்ளுறை வடிவங்களைக் கைக்கொள்வதா கைவிடுவதா எனச் சிந்தித்ததை அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். 1874ஆம் ஆண்டில் பிரென்டானோ என்னும் அறிஞர், எண்ணம் எப்போதும் ஏதேனும் ஒன்றை நோக்கியது என்னும் பள்ளிக் கருத்தைப் பெயர் சுட்டியே மீட்டெடுத்து உளவியலின் அடிப்படையாக்கினார். வியன்னாவில் அவரிடம் பாடங்கேட்ட குசெர்ல், இருபதாம் நூற்றாண்டின் பெரிய மெய்யியல் இயக்கமொன்றை அக்கருத்தின்மீது எழுப்பினார். இறையியலை நீக்கியபின்னும் வினா நின்றது. வினாவோடு அதனை ஆராயும் சொற்களும் நின்றன.

ஏழு காதப் பாதரட்சை அணிந்து தாண்டியவர் இவற்றைக் காணார். தாண்டிய நிலத்திலே விளைந்ததையே அவர் கரையில் இறங்கி உண்கின்றார். மத்தியகால ஆசிரியர்கள் கூறிய விடைகளை இன்று எவரும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவர்களும் தம் முன்னோரின் விடைகளை அவ்வாறு ஏற்றாரல்லர். எதிரியின் தடையை முழுமையாகக் கேட்டு விடையளித்தலே அவர்கள் போற்றிய முறை. அம்முறைப்படி அவர்களுக்கும் ஒருமுறை செவிகொடுத்தல் வரலாற்றுக்குச் செய்யும் நியாயம்.

1639ஆம் ஆண்டின் நத்தார்த் திருநாளன்று டேக்கார்ட் மெர்சென்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மிடம் நூல்களே இல்லை என்று நண்பர் எண்ண வேண்டாம் என்றார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த இரு நூல்கள் இன்னும் தம்மிடம் உள்ளன என்று குறிப்பிட்டார். ஒன்று விவிலியம். மற்றது புனித தோமஸ் அக்குவைனாசின் பெருநூல்.